எட்டாம் நாள் வந்தவர்கள்

படையல் வைத்த அறையின் கதவைச் சாத்திவிட்டு மயூராவும் தாய் மங்களேஸ்வரியும் குசினிக்குள் வந்து நின்றார்கள். செத்தவர் தனியே இருந்து சாப்பிட வேண்டும், நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றால் அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்று மங்களேஸ்வரி சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். அடுப்பில் மிஞ்சிய எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

மங்களேஸ்வரியின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "ஆரோ வந்திட்டினம்," என்றார், மிக மெல்லிய குரலில். பிறகு வெளியே சின்னப் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் மயூராவுக்கு அன்றைய திகதி நினைவு வந்தது. ஒக்டோபர் முப்பத்தொன்று. ஹாலோவீன்.

அவளுடைய தகப்பன் தில்லைநாதன் அந்த மாதத் தொடக்கத்தில் ஒஸ்லோ ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இங்கே உடலை எரிக்க இடமும் நேரமும் கிடைக்கவே நாள் எடுத்தது. அதனால் எரித்த வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணி, அடுத்த வெள்ளிக்கிழமை எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு என்று உறவுக்காரர் முடிவு செய்தார்கள். ஊர்க்காரரை அழைத்துச் சாப்பாடு போடுவது முப்பத்தோராம் நாளில், மண்டபத்தில். எட்டு வீட்டோடு போதும். தமையன் சேந்தன் கொள்ளி வைத்துவிட்டு ஸ்தவாங்கருக்குத் திரும்பி, அங்கிருந்து ஹெலிகொப்டரில் கடலுக்குள் எண்ணெய் மேடைக்கு வேலைக்குப் போய்விட்டான். ரொம்சோஸிலிருந்து சிறிதேவி அன்ரி மத்தியானம் வந்து சமையலுக்கு உதவிவிட்டு, மாலை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

மயூரா லம்பெர்த்சேத்தரில் இந்த வரிசை வீட்டை வாங்கி இரண்டு வருடம். ரொம்சோஸில் வாங்கினால் அக்கம்பக்கத்தில் எங்கள் சனம் இருக்கும் என்று தாய் அப்போது சொன்னார். அதற்காகவேதான் மயூரா அங்கே வாங்கவில்லை. வட நோர்வேயில் பாட்ஸ்பியோர்ட்டின் மீன் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய மேற்சட்டை மீன் நாறுகிறது என்று யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் யாரோ சொல்லப்போகிறார்கள் என்ற எண்ணம் அவளை விட்டு ஒருநாளும் போகவில்லை. தகப்பனுக்கு நோய் முற்றி, பெற்றோர் இருவரும் ஓகஸ்டில் அவளோடு வந்து தங்கினார்கள். அவர் பெரும்பாலும் மேல்மாடி அறையிலும் ஆஸ்பத்திரியிலும் படுக்கையாகவே கிடந்தார். அயலவர்கள் அவரைக் கண்டதில்லை. பெற்றோர் கொஞ்ச நாளைக்கு வந்திருக்கிறார்கள் என்று மட்டும் மயூரா சொல்லி வைத்திருந்தாள். இறந்த செய்தியையும் சொல்லவில்லை. சொன்னால் வருவார்கள். வந்தால் பார்ப்பார்கள்.

அவள் வாசல் கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டு ஜூலியா சூனியக்காரியின் கூம்புத் தொப்பியோடு நின்றாள். அவளுக்கு முன்னால் எலும்புக்கூட்டு உடுப்பில் இரண்டு பிள்ளைகளும், வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திய ஒரு பேயும். இனிப்பா குறும்பா என்று கேட்கும் வழமையான வாசகத்தை மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லிப் பைகளை நீட்டினார்கள்.

மயூரா இனிப்பு வாங்கி வைக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுக்கும்போது பின்னால் தாய் அறைக் கதவைத் தட்டும் ஓசை கேட்டது. மணி அடித்ததை நேரம் வந்துவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்ட மங்களேஸ்வரி கதவை அகலத் திறந்தார். சாம்பிராணிப் புகை நடையை நிறைத்தது. வாசலில் நின்ற எல்லோருக்கும் உள்ளே இருந்தது நேரே தெரிந்தது. மாலை போட்ட தில்லைநாதனின் படம். குத்துவிளக்கு. தலைவாழையிலையில் சோறு, மீன் குழம்பு, இறைச்சிக் கறி, அவித்த முட்டை, வடை. பக்கத்துத் தட்டில், அவருக்கு மிகவும் விருப்பமான கொட் மீன் நாக்குப் பொரியல். ஒரு கிளாஸ் விஸ்கி. அம்மா தன் கையாலேயே சுற்றி வைத்த ஒரு சிகரெட்.

"மயூரா, இதையெல்லாம் எப்போது செய்தாய்?" என்றாள் ஜூலியா. அவள் முகம் மலர்ந்திருந்தது. "மெக்சிக்கோவில் செய்வார்களே, செத்தவர்கள் வருகிற நாளென்று படம் வைத்து, பூ வைத்து, சாப்பாடு வைத்து. அப்படியே இருக்கிறது. நாங்கள் பூசணியைக் குடைந்து வைத்துவிட்டுப் பெரிய வேலை செய்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்."

இது அப்பா. நோர்வேஜிய மொழியில் அதற்கு மூன்று சொல் போதும். அந்த மூன்றும் மயூராவின் வாயில் தயாராக இருந்தன. அவள் சிரித்தாள்.

"பாரெ பின்த்," என்றாள். வெறும் அலங்காரம்.

"அம்மாவும் வேஷம் போட்டிருக்கிறாரா?" ஜூலியா மங்களேஸ்வரியின் வெள்ளைச் சேலையையும், பொட்டில்லாத நெற்றியையும், முழுகிவிட்டுக் கட்டாமல் விட்டிருந்த நரைமயிரையும் பார்த்தாள். "உண்மையிலேயே பயமாக இருக்கிறது."

"அம்மாவுக்கு இதெல்லாம் விருப்பம்," என்றாள் மயூரா. யாரும் கேட்காமலே இதைச் சொன்னாள். சொன்ன பிறகு காது இரண்டும் கொதித்தன.

மங்களேஸ்வரி ஒரு தட்டில் வடையும் வாழைப்பழமும் பயற்றம் பணியாரமும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் மீன் தொழிற்சாலைப் பெண்களோடு நின்று பழகிய வடக்கு நோர்வே உச்சரிப்பில், யார் பிள்ளை நீ என்று எலும்புக்கூட்டைக் கேட்டார். அது பதில் சொல்லாமல் வடையைப் பார்த்து, இதில் நஞ்சு இருக்கிறதா என்று கேட்டது. இல்லை மகள், சாப்பிடு என்று சொல்லி அதன் பையில் இரண்டைப் போட்டார். ஜூலியா கைபேசியை எடுத்து, ஒரு படம் எடுக்கலாமா என்றாள். மங்களேஸ்வரி மகளைப் பார்த்தார். மகள் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் விளக்குக்குப் பக்கத்தில் போய், கைகளைக் கட்டிக்கொண்டு, செத்த வீட்டில் நிற்பது போலவே நின்றார்.

அவர்கள் போன பிறகு மங்களேஸ்வரி தட்டைத் திரும்ப நிரப்பினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் காதில் விழவில்லை என்று மயூரா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"பாட்ஸ்பியோர்ட்டிலை நத்தார் முடிய முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடா வருவினம், உனக்கு ஞாபகம் இருக்கோ?" என்றார் தாய். "ஆர் எண்டு நாங்கள் கண்டுபிடிக்கவேணும். பிறகு ஏதும் தின்னக் குடுக்கவேணும்."

"யூலபுக். ஓம் அம்மா." கிறிஸ்துமஸை ஒட்டி முகமூடியோடு வீடு வீடாகப் போகும் நோர்வே வழக்கம் அது.

"அப்பா நோர்வேக்கு வந்த முதல் குளிர்காலம். நான் அப்ப ஊரிலை. வெளியிலை பகல் முழுக்க இருட்டு. ஆரோ தட்டுகினம் எண்டு திறந்தால் முகத்தை மூடிக்கொண்டு நாலு பேர். எங்கடை ஊரிலை முகத்தை மூடிக்கொண்டு வாசல்லை வந்து நிண்டால் என்ன அர்த்தம்? ஆளைப் பிடிச்சுக்கொண்டு போக வந்திருக்கினம் எண்டுதான். மனிசன் கட்டிலுக்குக் கீழை போய்க் கிடந்திட்டுது. அவை தொழிற்சாலையிலை கூட வேலை செய்யிற ஆக்கள். முகமூடியைக் கழட்டிப்போட்டு அவரை வெளியிலை இழுத்தெடுத்து, தாங்களும் அழுதவையாம்." அவர் ஒரு பணியாரத்தைத் தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தினார். "அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அவரும் அவையோடை முகமூடி போட்டுக்கொண்டு போவார். செத்த ஆக்களும் அந்த நாளிலை கூட்டத்தோடை கூட்டமா வருவினமாம் எண்டு அங்கை ஒரு கிழவன் சொன்னவனாம். ஆர் செத்தவன், ஆர் உயிரோடை இருக்கிறவன் எண்டு தெரியாதாம். அதாலை எல்லாருக்கும் குடுக்கவேணுமாம்."

மயூராவின் கைபேசி ஒலித்தது. அந்த வீதிக்காரருக்கென்று ஒரு முகநூல் குழு இருந்தது. அதில் ஜூலியா படத்தைப் போட்டிருந்தாள். 'இந்த வருடத்தின் மிகச் சிறந்த வாசல்! தவறவிடாதீர்கள்.' படத்தில் அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் அப்பா. கீழே இதயங்களும் சிரித்த முகங்களும் சேர்ந்துகொண்டே போயின. விஸ்கி எனக்கும் உண்டா என்று ஒருவர் எழுதியிருந்தார். மயூரா எழுதத் தொடங்கினாள். இது என்று எழுதி அழித்தாள். மன்னிக்கவும் என்று எழுதி அதையும் அழித்தாள். கடைசியில் நன்றி என்று எழுதி, ஒரு பூசணிக்காய்ப் படத்தையும் போட்டு அனுப்பிவிட்டாள்.

அதன் பிறகு மணி ஓயவில்லை. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். காட்டேறிகள், மந்திரவாதிகள், சட்டையில் சிவப்புச் சாயம் ஊற்றிய சவங்கள். மங்களேஸ்வரி ஒவ்வொரு பிள்ளையிடமும் யார் நீ என்று கேட்டார். பிள்ளைகள் பெயர் சொன்னால், இல்லை, நீ பொய் சொல்கிறாய் என்றார். பிள்ளைகளுக்கு அது பிடித்துவிட்டது. பெற்றோருக்கு அவருடைய வடக்குப் பேச்சு பிடித்துவிட்டது. எந்த ஊரில் பழகினீர்கள் என்று கேட்டார்கள். அவர் கதைத்துக்கொண்டே கொடுத்தார். மயூரா நடைச் சுவரோடு ஒட்டி நின்றாள். வந்த ஒவ்வொருவருக்கும் அழகு, அழகு என்று சொல்ல ஏதோ இருந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அப்பாவின் படம் இருந்த பக்கம் அவள் பார்க்கவேயில்லை.

கடைசியாக ஜூலியா திரும்பி வந்தாள். கையில் செம்மஞ்சள் நாடா கட்டிய கேக் பெட்டி. அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், பெரியவர்களும் பிள்ளைகளுமாக. வருடாவருடம் சிறந்த வாசலுக்கு வீதிக்காரர் கொடுக்கும் பரிசாம். எல்லோரும் கைதட்டினார்கள். ஜூலியா பெட்டியை மங்களேஸ்வரியின் கையில் கொடுத்து, இந்த யோசனை உங்களுடையதா, இந்தப் படத்தில் இருப்பவர் யார், எங்களுக்குச் சொல்லுங்கள் என்றாள்.

மங்களேஸ்வரி மகளைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் மயூராவால் தாங்கியிருக்க முடியும். சின்ன வயதில் அவள் கையுறையைத் தொலைத்துவிட்டு வரும்போது பார்ப்பாரே, குளிருக்கு என்ன செய்வாய் என்பது போல, அப்படித்தான் பார்த்தார்.

"இது பின்த் இல்லை," என்றார் நோர்வேஜிய மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி. "இது என் கணவர். போன வெள்ளிக்கிழமை எரித்தோம். இன்றைக்கு அவர் வந்து சாப்பிடுகிற நாள்."

பின்னால் நின்ற ஒரு மனிதர் இரப்பர் முகமூடியைக் கழற்றினார். உள்ளே வியர்த்து முடி ஒட்டிப்போயிருந்தது. அவர் என்ன சொல்வதென்று தெரியாமல் முகமூடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஜூலியாவின் கை தானாகத் தலைக்குப் போய்க் கூம்புத் தொப்பியை எடுத்தது. அவள் மங்களேஸ்வரியைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னாள். பிறகு மயூராவிடம் திரும்பினாள்.

"நீ ஏன் சொல்லவில்லை?"

அவள் குற்றம் சாட்டவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பினாள். "தெரியவில்லை," என்றாள் மயூரா. தான் சொன்னதிலேயே அன்றைக்கு அது ஒன்றுதான் உண்மை என்று பட்டது. அதுகூட முழு உண்மை இல்லை.

ஒரு சின்னப் பேய் வாயில் வடையோடு தன் தாயின் கையைப் பிடித்து, இதை நான் சாப்பிடலாமா கூடாதா என்று கேட்டது. "சாப்பிடு," என்றார் மங்களேஸ்வரி. "அவருக்குச் சந்தோசம்."

அவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் கைகொடுத்துவிட்டு இறங்கிப் போனார்கள். சிலர் மயூராவுக்கும் கைகொடுத்தார்கள். அந்தக் கைகள் கனிவாக இருந்தன. அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள். சில நிமிடத்தில் முகநூலில் இருந்து படம் காணாமல் போனது.

மங்களேஸ்வரி கேக் பெட்டியைக் குசினி மேசையில் வைத்தார்.

"அம்மா, உங்களுக்கு முதலிலேயே கேட்டதோ?"

"ஓம்."

"அப்ப ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தனான்." அவர் விளக்குக்கு எண்ணெய் விட்டார். "ஆரை நினைச்சுப் பிள்ளை வெக்கப்பட்டனீ? என்னையோ, அப்பாவையோ?"

"ரண்டு பேரையும் இல்லை."

தாய் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மயூரா, "ரண்டு பேரையும்தான்," என்றாள்.

"ம்," என்றார் மங்களேஸ்வரி. ஒரு வாழையிலைத் துண்டை எடுத்து, படையலில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக் கட்டினார். "இதைச் சந்தியிலை கொண்டுபோய் வைக்கவேணும். சேந்தன் செய்யவேண்டியது. அவன் இல்லை, நீ போ. வச்சிட்டுத் திரும்பிப் பாக்காமல் வா."

வீதியில் இன்னும் சனம் இருந்தது. படிகளில் பூசணிகள் எரிந்துகொண்டிருந்தன. மயூரா இலைப் பொதியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். அவளைக் கண்டதும் கதைத்துக்கொண்டு நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு தகப்பன் ஓடிவந்த மகனைத் தோளில் பிடித்து நிறுத்தி வழி விட்டார். எல்லோருக்கும் இப்போது தெரிந்திருந்தது. யாராவது சிரித்தால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவரும் சிரிக்கவில்லை. சந்தியில் ஒரு பேர்ச் மரத்தின் அடியில், ஈரச் சருகின் மேல் பொதியை வைத்தாள். அப்பா என்று கூப்பிட நினைத்தாள். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜூலியா வந்து மணி அடித்தாள். அன்றைக்கு நோர்வேக்காரர் தங்கள் செத்தவர்களின் கல்லறையில் விளக்கு வைக்கும் நாள். என் தாயின் கல்லறைக்குப் போகிறேன், உன் அம்மாவும் வருவாரா என்று கேட்டாள். வேறெங்கோ அடக்கமானவர்களுக்கென்று அங்கே ஒரு கல் இருக்கிறது, அதன் முன்னாலும் விளக்கு வைக்கலாம் என்றாள். மங்களேஸ்வரி உடனே மேற்சட்டையை எடுத்தார். மயூரா காரின் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள்.

மேகம் தாழ்ந்த நாள். கல்லறை வரிசைகளுக்கிடையில் நூற்றுக்கணக்கான சின்ன விளக்குகள் எரிந்தன. குடும்பம் குடும்பமாக ஆட்கள் தணிந்த குரலில் கதைத்துக்கொண்டு நடந்தார்கள். "விளக்கீடு மாதிரி," என்றார் மங்களேஸ்வரி தமிழில், பிறகு அது கார்த்திகையில் வாசலெங்கும் தீபம் ஏற்றும் நாள் என்று ஜூலியாவுக்குத் தானே விளங்கப்படுத்தினார். ஜூலியா தன் தாயின் கல்லின் முன் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தாள்.

"உன் அம்மாவுக்கு என்ன விருப்பம்?" என்று மங்களேஸ்வரி கேட்டார்.

"கோப்பி. கறுப்புக் கோப்பி. ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பார் என்று எங்களுக்கே தெரியாது."

"கொண்டு வரவில்லையா?"

ஜூலியா சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். "நாங்கள் விளக்கு மட்டும்தான் வைப்போம். ஆனால் தாத்தாவின் தோட்டத்து வீட்டில், நத்தார் இரவு சாப்பிட்ட மேசையைத் துடைக்க விடமாட்டார். சாப்பாடு அப்படியே இருக்கவேண்டும். செத்தவர்கள் இரவில் வந்து சாப்பிடுவார்கள் என்பார். எனக்கு அப்போது பெரிய பயம்."

"நீங்கள் அறையைவிட்டு வெளியே போய்விடுவீர்களா?"

"ஆமாம். எல்லோரும் படுக்கப் போய்விடுவோம்."

"அப்படித்தான் செய்யவேண்டும்," என்றார் மங்களேஸ்வரி, ஒரு சமையல் முறையைச் சரிபார்ப்பது போல.

மயூரா அவர்களுக்குப் பின்னால் நின்றாள். எங்கள் வழக்கங்களை விளங்கப்படுத்தக் கூப்பிடுவார்கள் என்று நினைத்து வந்தவள். யாரும் கூப்பிடவில்லை. இரண்டு வருடமாக ஜூலியாவோடு கதைத்ததை நினைத்துப் பார்த்தாள். குப்பைத் தொட்டி, பனி வழிக்கும் முறை, வீட்டுப் பூச்சின் நிறம். அவளுடைய தாய் செத்துப்போனார் என்பதே மயூராவுக்கு இன்றுதான் தெரியும். கேட்டதில்லை. திரும்பி நடக்கும்போது ஜூலியாவின் பக்கத்தில் போய், "என்னை மன்னித்துக்கொள். உன்னைப் பொய்க்காரியாக்கிவிட்டேன், எல்லோருக்கும் முன்னால்," என்றாள்.

"என்னை விடு," என்றாள் ஜூலியா. "அம்மாவிடம் கேட்டாயா?"

அவள் இன்னும் கேட்கவில்லை.

அன்று மாலை எண்ணெய் மேடையிலிருந்து சேந்தன் தாயை அழைத்தான். மங்களேஸ்வரி கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டே கதைத்தார். எட்டுச் செலவு எப்படி நடந்தது என்று அவன் கேட்டான்.

"நல்லா நடந்தது தம்பி. இந்த வீதிச் சனம் முழுக்க வந்தது. சின்னப் பிள்ளையள் எல்லாம் வந்து வாங்கித் திண்டதுகள். அப்பாவின்ரை படத்துக்கு முன்னாலை ஒரு வெள்ளைக்காரர் அப்பிடியே பேசாமல் நிண்டார். பாட்ஸ்பியோர்ட்டிலை செய்திருந்தாலும் இவ்வளவு சனம் வந்திராது."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மயூரா குழாயை மூடினாள்.

"உண்மையாவோ?" என்றான் சேந்தன். அவன் குரல் தழுதழுத்தது. "நான் நிக்கேல்லை எண்டு எனக்கு இஞ்சை இருப்புக்கொள்ளேல்லை அம்மா. தங்கச்சி எல்லாத்தையும் வடிவாச் செய்திருக்கிறாள் என்ன. அவளிட்டைக் குடுங்கோ."

மங்களேஸ்வரி கைபேசியை மகளின் பக்கம் தள்ளினார். சொல்லு என்றோ சொல்லாதே என்றோ அவர் முகம் சொல்லவில்லை. கீரைக் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"மயூரா, பெரிய உதவி. நான் செய்யவேண்டியதை நீ செய்திருக்கிறாய்."

"இல்லை அண்ணா," என்றாள் அவள். நின்றபடியே முழுவதையும் சொன்னாள். மணி அடித்தது, சிரித்தது, பின்த் என்று சொன்னது, அம்மா வேஷம் போட்டிருக்கிறார் என்று ஒப்புக்கொண்டது, நன்றி என்று எழுதிப் பூசணிக்காய் போட்டது. அப்பாவின் படத்தை ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்காமல் விட்டது. சொல்லி முடிக்கும்வரை தாயின் பக்கம் திரும்பவில்லை. முடித்த பிறகு திரும்பி, "அம்மா, என்னை மன்னியுங்கோ," என்றாள். மங்களேஸ்வரி கீரையை விட்டுவிட்டு ஈரக் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

கைபேசியின் அந்தப் பக்கம் எங்கோ ஒரு இரும்புக் கதவு சாத்தப்பட்டது. சேந்தன் தன்னை ஏசுவான் என்று மயூரா காத்திருந்தாள். ஏசினால் நல்லது என்றும் நினைத்தாள்.

"அம்மா அண்டைக்கு ஏதும் சாப்பிட்டாவோ?" என்று கேட்டான்.

அவள் யோசித்துப் பார்த்தாள். தட்டை நிரப்பியதும் கொடுத்ததும் நினைவிருந்தது. அம்மா ஒரு வாய் வைத்ததாக நினைவில்லை. அவளே அவரை அமர்த்திச் சோறு போட்டதாகவும் இல்லை.

"தெரியேல்லை அண்ணா. நான் பாக்கேல்லை."

"சரி," என்றான் அவன். "இப்ப சாப்பிடக் குடு."